தவிட்டுக்கு வாங்கியவர் வைத்த பெயர்

சிஸ்டர்,

செங்கல்பட்டு பேருந்து நிலையத்தில் திருக்கழுக்குன்றம் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். புத்தகக் கடையில் ஒரு குழந்தைப் பெயர்ப் புத்தகம் தொங்கியது. ஆயிரக்கணக்கான பெயர்கள், அர்த்தத்துடன் என்று அட்டையில் போட்டிருந்தார்கள். யாருக்கும் பெயர் தேடும் அவசியம் எனக்கில்லை. இருந்தாலும் எடுத்தேன், விரல் நேராக 'பு' வரிசைக்குப் போயிற்று. புவனா, புனிதா, புஷ்பா எல்லோரும் இருந்தார்கள். நடுவில் நம் பெண்ணும் இருந்தாள். "புன்னை: ஒரு மரம்." அவ்வளவுதான். எனக்குப் பொசுக்கென்று கோபம் வந்துவிட்டது. ஒரு மரமாம்! இதை எழுதிய மனிதர் எந்த மரத்தின் நிழலிலாவது நின்றிருப்பாரா? "இன்னா மேடம், வாங்கறீங்களா, இங்கியே பட்ச்சி முட்ச்சிடுவீங்களா?" என்றார் கடைக்காரர். வைத்துவிட்டு வந்தேன். பஸ்ஸில் உட்கார்ந்தது முதல் மனதுக்குள் உங்களோடுதான் பேசிக்கொண்டு வந்தேன். வீட்டுக்கு வந்ததும் எழுதவே உட்கார்ந்துவிட்டேன்.

உங்களைக் கடைசி வரை நான் சிஸ்டர் என்றுதான் கூப்பிட்டேன். ஆஸ்பத்திரியில் எல்லோரும் நர்ஸைக் கூப்பிடுகிற மாதிரி. அக்கா என்று கூப்பிட்டிருக்கலாம், உரிமை இருந்தது. வாய் பழகிவிட்டது.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. என் வீட்டுக்காரருக்கு அணு ஆராய்ச்சி நிலையத்தில் ஃபிட்டர் வேலை கிடைத்து, எங்கள் குடும்பத்தில் முதன்முதலாக மாதச் சம்பளம் என்ற ஒன்று வந்திருந்தது. அவருடைய அப்பா காலம் வரை அடுத்தவர் வயலில் நாற்று நட்ட குடும்பம். குவார்ட்டர்ஸ் கிடைத்தது, ஃபேன் சுற்றியது, குழாயில் தண்ணீர் வந்தது. பிள்ளைதான் தங்கவில்லை. முதல் பையன் ஒன்பது நாள். அடுத்தது பெண், ஒரு மாதம்கூட இல்லை. மூன்றாவது முறை வயிறு தெரிய ஆரம்பித்ததுமே என் மாமியார் முடிவு செய்துவிட்டார். "இத்த தவிட்டுக்கு வித்துடணும். அப்பத்தான் நிக்கும்."

உங்களுக்கே நான் விளக்கத் தேவையில்லை. ஆனால் இதை என்றைக்காவது புன்னையின் பிள்ளைகள் படித்தால் புரிய வேண்டுமே. பிறக்கிற குழந்தைகள் தவறிக்கொண்டே இருந்தால், அடுத்ததை முறத்தில் கிடத்தி, வேறு குடும்பத்துப் பெண் ஒருத்தியிடம் ஒரு படி தவிட்டுக்குக் கொடுத்துவிடுவார்கள். தவிட்டு விலைதானே, இது ஒன்றுக்கும் உதவாத பிள்ளை என்று எமன் விட்டுவிட்டுப் போய்விடுவானாம். வாங்கியவள் ஒரு பெயரும் வைப்பாள். குப்பம்மா, பிச்சையம்மா, தவிட்டம்மா என்று யாரும் ஆசைப்படாத பெயராகப் பார்த்து வைப்பாள். பிறகு, "என் புள்ளைய நீ வளத்துக் குடு" என்று பெற்றவளிடமே திருப்பிக் கொடுப்பாள். கல்யாணத்துக்கு முன் தவிடு கொடுத்து மீட்டுக்கொள்ள வேண்டும். அதுவரை பிள்ளை வாங்கியவளுடையது.

பிரசவம் பார்த்தது நீங்கள். கடற்கரைச் சாலை ஓரத்துச் சுகாதார நிலையத்தில் அப்போது நீங்கள்தான் எல்லாம். வாங்குவதற்கும் உங்களையே பிடித்தார் மாமியார். "மூணு பெத்து மூணும் முழுசா கீது. அதுவும் வேதக்காரங்க. மாதா கோயில் வூட்டாண்ட எமன் எட்டிகூடப் பாக்க மாட்டான்" என்று அவர் காரணம் சொன்னபோது நீங்கள் வாய்விட்டுச் சிரித்தீர்கள். மறுப்பீர்கள் என்றுதான் நினைத்தேன். ஊசியும் மாத்திரையுமாகத் திரிகிறவர் இதற்கெல்லாம் வருவாரா? நீங்களோ, "வாங்கிக்கிறேன். ஆனா ஒண்ணு. நான் வாங்கினா அது என் புள்ள. தடுப்பூசி ஒரு நாள் தள்ளக் கூடாது. நான் சொல்ற வரிக்கும் தாய்ப்பால் தவிர ஒரு சொட்டு வேற எதுவும் வாயில ஊத்தக் கூடாது" என்றீர்கள். மாமியார் பெரிதாகத் தலையாட்டினார். முன்பு இரண்டு பிள்ளைகளுக்கும் பிறந்த அன்றே சர்க்கரைத் தண்ணீர் ஊற்றியவர் அவர். எத்தனையோ தாய்மார்களிடம் நீங்கள் கெஞ்சியும் நடக்காத காரியத்தை, ஒரு படித் தவிட்டில் முடித்துக்கொண்டீர்கள். உங்கள் சாமர்த்தியத்தை நினைத்தால் இன்றும் எனக்கு வியப்புதான்.

பதினோராம் நாள் காலை, யூனிஃபார்ம் சேலையோடு டியூட்டிக்குப் போகிற வழியில் வந்தீர்கள். கையில் தவிட்டுப் பை. முறத்தோடு பிள்ளையை வாங்கிக்கொண்டு வீட்டைச் சுற்றி வந்தீர்கள். குப்பம்மா என்று முன்பே பேசி வைத்திருந்தது. நீங்கள் குனிந்து அவள் காதில் மூன்று தரம் சொன்ன பெயர் வேறாக இருந்தது.

மாமியார் குதித்தார். "இன்னா பேரு இது? மரத்துப் பேரு! இப்டி ஒரு பேர எவனாச்சும் கேட்டுக்கிறானா? பேசினது இன்னா, நீ வெச்சது இன்னா?"

"வாங்கினது யாரு? நானு. அப்ப பேரு வெக்கிறது யாரு?" என்றீர்கள். அவருடைய சட்டத்தை வைத்தே அவர் வாயை அடைத்தீர்கள். பிறகு என் பக்கம் திரும்பிச் சொன்னீர்கள். "கடப்பாக்கம் வரிக்கும் பஸ்ல போய்ப் பாரு. உப்புக் காத்துல மத்த மரமெல்லாம் கருகிப் போயி நிக்கும். புன்னை மட்டும் பளபளன்னு பச்சையா கீது. அது பூத்தா தெருவே மணக்கும். அதோட கொட்டையில எண்ணெய் எடுத்து வெளக்கு ஏத்தினாங்க, படகுக்குப் பூசினாங்க. இத்தவிட நல்ல பேரு உனுக்கு எங்க கெடைக்கும்?"

உங்கள் சுகாதார நிலையத்துக்குப் பின்னால் அந்த மரம் ஒன்று இருந்தது. வலி எடுத்து வருகிற பெண்களை அதன் கீழேதான் நடக்க விடுவீர்கள். நானும் நடந்திருக்கிறேன். அந்த வலியில் அது என்ன மரம் என்று பார்க்கத் தோன்றவில்லை.

பிளஸ் டூ வரை படித்தவள் நான். ஆனாலும் சொல்லிவிடுகிறேன், எனக்குப் பயமாகத்தான் இருந்தது. அழகான பெயர் வைத்து எமனுக்கு விலாசம் எழுதிக் கொடுத்துவிட்டீர்களே என்று உள்ளுக்குள் நடுங்கினேன். நீங்கள் இல்லாத நேரத்தில் அவளைக் குப்பு என்றே கூப்பிட்டேன். மாதா மாதம் நீங்கள் ஊசிப் பெட்டியோடு வாசலில் நின்று, "எங்க என் புள்ள? புன்னை எங்க?" என்று கூப்பிடும்போது, பக்கத்து வீட்டுக்குக் கேட்காமல் இருக்க வேண்டுமே என்று கதவைச் சாத்துவேன். அதை நீங்கள் கவனித்தீர்கள். ஒருநாள் மட்டும் சொன்னீர்கள். "நம்ம பெரியவங்க பேரையெல்லாம் நெனைச்சுப் பாரு. பாதி சாவுக்குப் பயந்து வெச்சது. மீதி பண்ணக்காரன் வாய்க்கு வந்தபடி கூப்ட்டது. நம்ம ஆசைக்கு எப்பதான் ஒரு பேரு வெக்கப் போறோம்?" உங்கள் குடும்பமும் எங்களைப் போல அடுத்தவர் வயலில் வளைந்த குடும்பம் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

எட்டாம் மாதம் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. கை கால் இழுத்துக்கொண்டது. நீங்கள்தான் மொபெட்டில் வந்து, ஒரு வேனைப் பிடித்து, செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனீர்கள். வழியெல்லாம் நீங்கள் ஈரத்துணியால் அவளைத் துடைத்துக்கொண்டே வந்தீர்கள். சீட்டு எழுதும் இடத்தில் பெயர் கேட்டார்கள். குப்பு என்றேன். பக்கத்தில்தான் நின்றீர்கள், திருத்தவில்லை. திருத்தியிருந்தால்கூட எனக்கு ஆறியிருக்கும். வார்டு என்றும் பாராமல் கத்தினேன். "உங்க பெருமைக்கு என் புள்ளைய காவு குடுத்துட்டீங்களே சிஸ்டர்!" ஊசி குத்தியிருந்த அவளுடைய சின்னக் கையை அசையாமல் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள். லீவு போட்டுவிட்டு மூன்று நாள் உட்கார்ந்திருந்தீர்கள்.

நான்காம் நாள் காலை அவள் கண் திறந்தாள். அப்போது "புன்னை! ஏ புன்னை! இங்க பாருடி கண்ணு" என்று கூப்பிட்டது நானில்லை, நீங்களும் இல்லை. என் மாமியார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பிறகு தனியாகக் கேட்டேன். அவர் சொன்னார்: "மூணு நாளா அன்ன ஆகாரம் இல்லாம குந்திகினு கீறா. பெத்தவ நீகூட நடுவுல நாஸ்தா துன்னே. அவ புள்ள அது. அவ வெச்ச பேர மாத்த நாம யாரு?" அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் குப்பு என்ற பெயர் எழவில்லை. நான் கத்தியதற்கு உங்களிடம் மன்னிப்புக் கேட்டேனா? இல்லை. இன்றைக்குக் கேட்போம், நாளைக்குக் கேட்போம் என்று வருடங்கள் ஓடிவிட்டன. நீங்களும் அதை ஒருமுறைகூட எடுத்துப் பேசவில்லை. உங்களைப் பற்றி நான் பெருமையாகச் சொல்லிக்கொள்வதில் இதுதான் முதலாவது.

பள்ளிக்கூடத்தில் வகுப்புக்கு மூன்று பிரியா, நாலு லட்சுமி. புன்னை ஒருத்திதான். பையன்கள் புண்ணாக்கு என்று கூப்பிட்டதாக அழுதுகொண்டு வந்தாள். நீங்கள் அவளைப் பின்சீட்டில் ஏற்றிக்கொண்டு போய், உங்கள் மரத்திலிருந்து ஒரு கொத்துப் பூப் பறித்துக் கொடுத்தீர்கள். நடுவில் மஞ்சளும் சுற்றி வெள்ளையுமாக, அவித்த முட்டையை வெட்டி வைத்தது போல. மறுநாள் அதை வகுப்பு முழுக்கக் காட்டிவிட்டு வந்தாள். குவார்ட்டர்ஸில் எல்லா ஜில்லாக்காரர்களும் உண்டே. எதிர்வீட்டுத் திருநெல்வேலி அக்கா சொன்னார்: "எங்கூர்ப் பக்கம் ஆம்பளைக்குப் புன்னைவனம்னு பேரு உண்டு. பொம்பளப் பிள்ளைக்கு இப்பந்தான் கேக்கேன். நல்லாத்தான் இருக்கு." சொன்னதோடு நில்லாமல் தன் தங்கை மகளுக்கும் வைக்கச் சொல்லிவிட்டார். பிறகு கடப்பாக்கத்தில் ஒரு மீனவர் வீட்டில், அதன் பிறகு சிறுசேரியில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் ஒரு ஜோடியின் வீட்டில். நீங்கள் பிரசவ வார்டில் நின்று என் மகள் கதையைச் சொல்லிச் சொல்லிப் பரப்பியது. ஒவ்வொன்றுக்கும் எனக்கு போன் வரும். "இன்னொண்ணு பொறந்துச்சு!" கட்சிக்கு ஆள் பிடிக்கிற மாதிரி என்று கிண்டல் செய்வேன்.

போன மாசியில் உங்களைக் கொண்டுபோய் வைத்தோம். சர்க்கரை நோய் எத்தனையோ பேருக்கு நீங்கள் கண்டுபிடித்துச் சொன்னது. உங்களுடையதை மட்டும் சட்டை செய்யவில்லை. கல்லறையில் பிள்ளைகள் மூன்று பேரும் மண் போட்டார்கள். கூட்டத்தில் பின்னால் நின்றிருந்த புன்னையை உங்கள் மூத்த மகன் திரும்பிப் பார்த்தார். "எம்மா புன்னை, இன்னாத்துக்கு அங்க நின்னுகினு கீற? நாலாவது நீதான, வா" என்றார். அவள் போய் இரண்டு கையாலும் அள்ளிப் போட்டாள். என் மாமியார் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். நானும் அழுதேன், என் மகளை இன்னொருத்தியின் மகளாகப் பார்த்துக்கொண்டு.

இப்போது ஒரு சிக்கல். காலேஜ் படிப்பு இன்னும் முடியவில்லை, அதற்குள் அவளுக்கு ஜாதகம் வர ஆரம்பித்துவிட்டது. மாமியார் தினமும் தொணதொணக்கிறார். "மீக்காம வுட்டுட்டியேடி. வாங்கினவ போய்ட்டா. அவ மூத்த புள்ளையாண்டயாவது தவிடு குடுத்து மீட்டுகினு வந்துடு. அடுத்தவ புள்ளைக்கு நீ எப்டி தாரை வாத்துக் குடுப்ப?" நானும் கிளம்பத்தான் இருந்தேன். உங்கள் மூத்த மகனும் மறுக்க மாட்டார். எதற்கும் சம்பந்தப்பட்டவளிடம் ஒரு வார்த்தை கேட்போமே என்று கேட்டேன்.

"மீட்டா, அவங்க எனக்கு யாரும்மா?" என்றாள்.

நான் போகவில்லை, சிஸ்டர். பெற்று வைத்துக்கொண்ட இரண்டையும் நான் பறிகொடுத்தேன். உங்களிடம் கொடுத்த ஒன்றுதான் எனக்கு இருக்கிறது. அவள் உங்கள் பிள்ளையாகவே கல்யாணம் செய்துகொள்ளட்டும். பத்திரிகையில் உங்கள் பெயரைத்தான் முதலில் போடச் சொல்லப் போகிறேன். மாமியாரைச் சமாளித்துக்கொள்கிறேன்.