கராஜின் பியூஸ்

14.08.1982, சனி

மருமகனின் காருக்காகக் கட்டிய கராஜில் இன்று வயரிங் வேலை முடிந்தது. பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு, நான் வாசித்துவரும் கரண்ட் வயரிங் புத்தகத்தோடு போய்ப் பார்த்தேன். பிளக்கில் பூட்டவேண்டிய பச்சை எர்த் வயரை வெட்டிச் சுருட்டி விட்டிருக்கிறார்கள். மண்ணில் எர்த் கம்பியும் இறக்கவில்லை. நாளை காலை மருமகன் அதே பிளக்கில் தண்ணீர் மோட்டரைப் பூட்டிக் கார் கழுவப் போகிறார். ஈரத் தரையில் வெறுங்காலோடு நிற்பார். மோட்டரில் கரண்ட் கசிந்தால் அது மண்ணுக்குப் போக அவருடைய உடலைத் தவிர வேறு வழியில்லை.

மருமகனிடம் நேரே குறை சொல்லி எனக்குப் பழக்கமில்லை. மகளிடம் சொல்லியனுப்பினேன். அவர் சிரித்துக்கொண்டே வந்தார்.

"என்ன மாமா, கரண்ட் புத்தகத்தையும் ஓதி முடிச்சிட்டீங்களா? ஊரெல்லாம் எர்த் இல்லாமத்தான் லைட் எரியுது."

"ஓம் மகன், லைட் எரியும்தான்" என்றேன்.

எல்லோரும் படுத்த பிறகு மெயின் பெட்டியைத் திறந்து கராஜின் பியூஸைக் கழற்றி எடுத்தேன். இப்போது அது என் தலையணைக்குக் கீழே இருக்கிறது. இந்த வீட்டைச் சீதனமாக மகளின் பெயருக்கு எழுதிக் கொடுத்தவன் நான். கொடுத்த வீட்டிலிருந்து ஒன்றை எடுத்து ஒளிப்பது களவில்லையா? புத்தகத்தை நான்தான் பிழையாக விளங்கிக்கொண்டேனோ? மூன்று தரம் வாசித்துவிட்டேன்.

விடியச் சுபஹு தொழுததும், அவர் பியூஸைத் தேடுமுன் நானே சொல்லிவிட வேண்டும். "எர்த் பூட்டுற வரைக்கும் தரமாட்டன், மகன்." சற்று முன் மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். இன்னொரு தரம் சொல்லிப் பார்க்க வேண்டும்.