அப்பா பெயருக்கு வந்த சைக்கிள் பை

கிடர்பூர், கல்கத்தா
9 டிசம்பர் 2003

அன்புள்ள சைதன்யாவுக்கு,

சைக்கிள் ஓட்டுவது நான், பையை நீ அனுப்பியது அப்பா பெயருக்கு. இதைச் சொல்லிவிட்டுத்தான் நலம் விசாரிப்பது என்று இருந்தேன், சொல்லிவிட்டேன். இங்கே எல்லாரும் சௌக்கியம், அப்பாவின் முழங்கால் வலிகூட சௌக்கியமாகவே இருக்கிறது. ஹாலந்து குளிரில் நீ காதை மூடிக்கொண்டு வெளியே போகிறாயா? போனில் கேட்டால் அப்பா பக்கத்தில் நின்று ஒவ்வொரு வார்த்தைக்கும் தலையாட்டுவார், அதனால்தான் கடிதம்.

எத்தனை முறை உனக்கு எழுதினேன், நினைத்துப் பார். என் சைக்கிளில் பிரேக்குக்கு ஒயர் கிடையாது, ஹாண்டில்பாருக்கு அடியில் இரும்புக் கம்பி ஓடுகிறது, அதனால் கிளிப் வைத்து மாட்டுகிற பை ஆகாது, வார் போட்டுக் கட்டுகிற பைதான் வேண்டும் என்றேன். தொளதொளவென்று இருந்தால் கம்பிமேல் உட்கார்ந்துகொள்ளும், விறைப்பாக இருக்கட்டும் என்றேன். விளக்கை மறைக்கக் கூடாது, மூடி எதிர்ப்பக்கமாகத் திறக்க வேண்டும், அப்போதுதான் உட்கார்ந்தபடியே கையை விட்டு எடுக்கலாம் என்றேன். அத்தனையும் பார்த்துப் பார்த்து வாங்கிய கெட்டிக்காரன், பெயரில் கோட்டை விட்டாய். தபால் ஆபீஸில், மிஸஸ் மஹாதேவன், பார்சல் மிஸ்டருக்கு வந்திருக்கிறது, அவரை வரச் சொல்லுங்கள் என்று என்னைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஆபீஸ் வேலையாக ஹல்தியாவுக்குப் போயிருந்த மிஸ்டர் சாவகாசமாக வந்து கையெழுத்துப் போட்டு வாங்கினார். மறுநாளே அதில் தயிர்சாத டப்பாவை வைத்துத் தோளில் மாட்டிக்கொண்டு போர்ட் ஆபீஸுக்குக் கிளம்பிவிட்டார். மேலே வரைபடம் வைப்பதற்கென்று கண்ணாடிபோல ஒரு உறை இருக்கிறதே, அதில் பழனி முருகன் படம். ஏன் என்று கேட்டால், "வழி காட்டத்தானே அந்த உறை, இவரைவிட யார் காட்டுவா?" என்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை அவர் தூங்கும்போது முருகனை மெதுவாக அலமாரியில் இறக்கிவிட்டு, பையை என் சைக்கிளில் கட்டி ஓட்டிப் பார்த்தேன். ஸ்பானர், பம்ப், இரண்டு பாட்டில் தண்ணீர் என்று எல்லாவற்றையும் முன்னால் திணித்ததில், கார்டன் ரீச் திருப்பத்தில் ஹாண்டில் என்னைக் கேட்காமலே திரும்பி ஒரு வாழைப்பழ வண்டியில் போய் முட்டியது. பழக்காரர், "பௌதி, தேக்கே சாலான்!" என்று, அண்ணி, பார்த்து ஓட்டுங்கள் என்று, கத்திவிட்டு, அப்புறம் அவரே சிரித்துவிட்டார். கனமானதெல்லாம் பின்னால் கேரியருக்கு, முன்னால் ரொட்டி, மழைக்கோட்டு, பஞ்சர் ஒட்டும் சாமான் மட்டும் என்று அன்றைக்குப் புத்தி வந்தது. நீயும் அப்படித்தான் கட்டுகிறாயா? இல்லையென்றால் மாற்று.

எங்கே போகப் போகிறாய் என்று கேட்பாய். எங்கள் பள்ளிக்கூட சகுந்தலா, கீழ்வீட்டு மிதாலிதி, நான், மூன்று பேரும் சனிக்கிழமை டைமண்ட் ஹார்பருக்கு. ராத்திரி மிதாலிதியின் அத்தை வீட்டில் தங்கல், மறுநாள் திரும்புகிறோம். அப்பா, "லாரி போற ரோட்டுல குடும்பப் பொம்மனாட்டிகளுக்கு என்ன வேலை? பை எம்பேருக்குத்தானே வந்திருக்கு, தர மாட்டேன், நீ எப்படிப் போறேன்னு பார்க்கறேன்" என்றார். அதே ரோட்டில்தான் தினமும் பள்ளிக்கூடத்துக்குப் போகிறேன். கேரியரில் அரிசி மூட்டையைக் கட்டிக்கொண்டு லாரிகளுக்கு நடுவே வந்தால் அது குடும்பப் பொறுப்பு, ஒரு மாற்றுப் புடவையோடு போனால் அது ஊர் சுற்றல். நீ பெல்ஜியத்துக்கு மிதித்துப் போன போட்டோவை மட்டும் ஆபீஸ் முழுக்கக் காட்டி, "என் பிள்ளை சைக்கிள்லயே தேசம் தாண்டினான்" என்று பெருமை. தேசம் தாண்டினால் வீரன், வீட்டைத் தாண்டினால் அடங்காதவள். இந்தச் சட்டத்தை யார் போட்டது, என்னை யார் கேட்டது?

சண்டை போடவில்லை, பயப்படாதே. நேற்று காலை அப்பா பையை மாட்டிக்கொண்டு படியிறங்கும்போது மிதாலிதி எதிரே வந்து, "தாதா, லேடீஸ் பேக் டா கூப் மானாச்சே!" என்று, ரொம்பப் பொருத்தமாக இருக்கிறதாம், உரக்கச் சொன்னாள். மேல்மாடி ஜன்னல்கள் திறந்தன. நான் சொல்லிக்கொடுத்தேன் என்று நீ நினைத்தால் நினைத்துக்கொள், நான் கதவுக்குப் பின்னால் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு நின்றது உண்மை. விறுவிறுவென்று மேலே வந்தவர் டப்பாவை எடுத்து மிட்டாய்க் கடை பாலிதீன் கவரில் போட்டுக்கொண்டு, பையை ஆணியில் மாட்டினார். "எடுத்துண்டு போ. ஆனா உள்ளே இருக்கற பேரு என்னுது" என்றார். அப்போதுதான் பார்த்தேன். பைக்குள் பெயர் எழுதுகிற சின்ன அட்டை, அதிலும் மஹாதேவன், உன் முத்துக் கையெழுத்தில்.

நீ நன்றாக இருக்க வேண்டும், எதிர்க்காற்றிலும் உன் கால் சளைக்காமல் இருக்க வேண்டும். இருட்டினால் பின்விளக்கைப் போட மறக்காதே. அந்த அட்டையை உருவி இத்துடன் வைத்திருக்கிறேன், பின்பக்கம் காலி. சனிக்கிழமைக்குள் திரும்பி வராது என்று தெரியும், அதுவரை பை பெயரில்லாமல் ஓடட்டும். இங்கே நான் தபால் ஆபீஸுக்கு மிஸஸ் மஹாதேவன், பள்ளிக்கூடத்தில் டீச்சர், பழக்காரருக்கு பௌதி, உன் அப்பாவுக்கு "இந்தா". நீ உன் கையால் என் பெயரை எழுதி அனுப்பு. முழுப் பெயர். அப்பாவுக்கு போன் போட்டுக் கேட்கக் கூடாது.

ஆசிகளுடன்,
அம்மா