வாரனும் யோம் கிப்பூரும்

செப்டம்பர் 2, செவ்வாய்

ஒன்றரை வருடமாக நான் வரைந்த பூங்காவை, சக்கர நாற்காலியில் வரும் பிள்ளைகளும் ஏறி விளையாடும் பூங்காவை, ஒப்புதல் தருவதற்காக நகராட்சி கூட்டம் வைத்துப் பார்க்கப் போகிறதாம். அக்டோபர் 2. வாரன் அறிவித்ததும் எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

அன்றைக்கு யோம் கிப்பூர், யூதர்களான எங்களுக்கு வேலை ஆகாத நாள். எதற்குத் தட்டினேன்?

வாரனிடம் எப்படிச் சொல்வது? தங்கமான முதலாளி. போன வருடம் "நாளைக்கு எங்களுக்கு விரதம்" என்று சொன்னதற்கு, "யோம் கிப்பூர் கொண்டாட்ட வாழ்த்துகள்" என்று எழுதிய கேக்கோடு வந்து நின்றவர். செய்த தப்புக்கெல்லாம் மன்னிப்புக் கேட்கிற நாளுக்கு க்ரீம் கேக்!

செப்டம்பர் 4

இன்னும் சொல்லவில்லை. என் கணவன் ஆஷர் சிரிக்கிறான். "வீட்டுக்காரன்கிட்ட மட்டும் வாய் கிழியுது. அங்க போனா பூனைக்குட்டி."

செப்டம்பர் 9

சொல்லிவிட்டேன்.

"சாப்பிடவே மாட்டியா?"

"மாட்டேன்."

"தண்ணி?"

"அதுவும் கிடையாது."

"காபி?"

"காபியை எதுல போடுவாங்க, வாரன்?"

அவர் முகத்தில் அப்படி ஒரு பரிதாபம். "சரி, நீ லீவு எடுத்துக்கோ. உனக்குப் பதிலா பக்கத்து சீட்டு மேகன் பேசட்டும். நல்லாப் பேசுவா."

பேசுவாள். சறுக்குமரத்துக்குப் பக்கத்தில் அந்தச் சரிவுப் பாதை எதற்கென்று அவளுக்குத் தெரியுமா? கேட்டே விட்டேன்.

"கால்பந்து இறுதியாட்டத்துக்கு முந்தின நாள் கூட்டம் வைப்பீங்களா?"

"சேச்சே! ஊருக்கே லீவாச்சே!"

"பந்துக்கு ஒரு நாள் லீவு, குதிரைப் பந்தயத்துக்கு ஒரு நாள் லீவு. நான் கேக்கிறது லீவு இல்லை, வாரன். தேதியை மாத்தச் சொல்றேன். என் பூங்காவை நான்தான் காட்டணும்."

அவர் பேனாவை மூடினார், திறந்தார். வெளியே வந்து கழிப்பறையில் நின்று அழுதேன் — சீ, இதென்ன சின்னப்பிள்ளை மாதிரி.

செப்டம்பர் 11

வாரன் என் பக்கம் திரும்பவே இல்லை. போச்சு. மேகன்தான்.

செப்டம்பர் 15

வாரன் மூச்சிரைக்க வந்தார். நேரிலேயே போய் நகராட்சியிடம் கேட்டாராம். "மாத்திட்டேன்! அக்டோபர் எட்டு!"

எட்டாம் தேதி சுக்கோத். முற்றத்தில் குடில் போட்டு, அதில் உட்கார்ந்து சாப்பிடுகிற பண்டிகை. அன்றும் எங்களுக்கு வேலை ஆகாது.

என் முகத்தைப் பார்த்ததுமே நாற்காலியில் சரிந்தார். "அன்னைக்குமா? உங்க ஆளுங்க வேலை செய்ற நாள்னு ஒண்ணாவது இருக்கா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும்தான். காலண்டரை என் பக்கம் தள்ளினார். "நீயே சொல்லு. முதல்லயே உன்னைக் கேட்டிருக்கணும்."

பதினாறில் விரலை வைத்தேன். இன்னொரு தடவை ஒத்துக்கொள்வார்களா?

செப்டம்பர் 18

ஒத்துக்கொண்டார்கள். எப்படிக் கெஞ்சினாரோ, கேட்டால் சொல்ல மாட்டேன் என்கிறார்.

அக்டோபர் 3, வெள்ளி

நேற்று முழுக்க ஜெபக்கூடத்தில். பூங்கா நினைப்பு ஒரே ஒரு தரம்தான் வந்தது. சரி, இரண்டு தரம்.

அக்டோபர் 16, வியாழன்

பேசினேன். முதல் வரியில் குரல் நடுங்கியது. சரிவைக் காட்டத் தொடங்கியதும் நடுக்கம் போன இடம் தெரியவில்லை. ஊஞ்சலின் நிறத்தை மட்டும் மாற்றச் சொல்லி ஒப்புதல் கொடுத்துவிட்டார்கள்!

கிளம்பும்போது நகராட்சித் தலைவி சொன்னார்: "திறப்பு விழாவை ஒரு சனிக்கிழமையா பார்த்து வெச்சிடலாம்."

சனி எங்களுக்கு வாராவாரம் வரும் ஓய்வுநாள், அன்றும் வேலை ஆகாது. நான் வாயைத் திறப்பதற்குள் வாரன் குறுக்கிட்டார். "சனிக்கிழமை வேண்டாங்க. ஞாயிறு வைங்க."

"ஏன்?"

"எங்களுக்குத் தோதுப்படாது."

சனிக்கிழமையைப் பற்றி நான் அவரிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை.