மாடம் வாசலான வரலாறு

திரைசூழ் அலைவாய்நாட்டை ஒருகுடைக்கீழ்க் காக்கும் அலைகாத்த பெருமாள் திருவாய் மொழிந்தருள, அமைச்சன் நல்லங்கிள்ளி, மஞ்சுமலை நாட்டு அரசியார் உலகாளுடையார் திருமுன் வணங்கி விடுக்கும் ஓலை. தங்கள் சுனைகள் வற்றாதிருக்க. தங்கள் யானைகள் மதம் கொள்ளாதிருக்க. இதை அவையில் படிப்பவர் சிரிப்பை அடக்கும் வலிமை பெறுக.

எங்கள் துறைமுகத்து ஓதும் பள்ளியின் கிழக்கு வாசல் எந்தச் சிற்ப நூலின்படி அமைந்தது என்று வினவி, அதைச் செய்தவரை அனுப்புமாறும் தங்கள் தூதர் கேட்டிருந்தார். நூலாவது ஒன்றாவது! அது கல்தச்சர் கூத்தன் மழவர் செய்த பிழை.

மழவர் முப்பதாண்டு கோயில் கட்டியவர். இசுலாமியப் பிள்ளைகள் ஓத ஒரு பள்ளியும், அதற்குள் தொழுகைத் திசை காட்டும் மாடமும் எழுப்புமாறு அரசர் பணித்தபோது, நட்ட கல்லில் ஒன்றைப் பெயர்க்க நேர்ந்தாலும் உளியைக் கடலில் எறிந்துவிட்டுப் பின் கல்லே தொடுவதில்லை என்று அவையில் மார்தட்டினார். சபதம் செய்யச் சொல்லி யார் கேட்டார்? ஒருவரும் கேட்கவில்லை.

பள்ளியில் மறை ஓதிக்கொடுக்கும் ஆலிம் சதக்கு லெப்பை, ஏடுகளும், மாடத்தின் பின்புறத்தை மூடப் பச்சைக்கல் பலகையும் கொண்டுவரக் கப்பலேறினார். அந்த எட்டு மாதமும் மழவர் கொடியும் பூவுமாகச் செதுக்கித் தள்ளினார். ஆலிம் திரும்பிவந்து பார்த்தால், மாடம் கிழக்குச் சுவரில் இருக்கிறது! கோயில் கிழக்கு நோக்கும் என்று பழகிய கை, ஒருவரையும் கேளாமல் அங்கேயே இழைத்துவிட்டது. தொழுவோர் நோக்கவேண்டிய மக்கமோ இந்நாட்டுக்கு மேற்கே. மேற்குச் சுவரில் இருந்தது பூவேலை ஏதுமற்ற வெறும் வாசல்.

மழவர் உளியை எடுத்துக்கொண்டு கடற்கரைக்கு நடந்தார். அதைவிட்டால் அவருக்கு வேறு தொழில் தெரியாது. முழங்கால் நீரில் போய் நின்றார். மனைவி முகத்தில் எப்படி விழிப்பது என்பதே நினைவாம்.

பின்னால் ஆலிம் ஓடிவந்தார். அறுபது வயது, ஒரு காற்செருப்பு போன இடம் தெரியவில்லை. அங்கியோடு நீரில் இறங்கி, உளி பிடித்த மணிக்கட்டைப் பற்றினார்.

"ஓய் தச்சரே, கிழக்கு மாடத்தின் பின்பக்கம் இன்னும் திறந்துதானே கிடக்கு? பலகை என்கிட்ட அல்லவா இருக்கு? அதை வைத்து மேற்கு வாசலை அடைத்தால், எந்தக் கல்லை ஐயா பெயர்க்கணும்?"

மழவர் அப்படியே நீரில் உட்கார்ந்துவிட்டார். சிரித்தாரா அழுதாரா என்று கரையிலிருந்த மீனவருக்கே விளங்கவில்லை.

அவ்வாரமே மேற்கு வாசல் மாடமாயிற்று. கிழக்கு மாடம் வாசலாயிற்று. பூவேலையெல்லாம் பிள்ளைகள் நுழையும் இடத்தில். தொழும் இடமோ வெறுமை. தொழுகையில் கண் மேயாது, இதுவே நன்று என்றார் ஆலிம். இதில் வேடிக்கை என்னவெனில், அண்டையூர் மூன்றில் இதையே விதியென்று எண்ணிக் கிழக்கு வாசலைச் செதுக்கிக்கொண்டிருக்கிறார்கள். மழவர் வாயே திறப்பதில்லை.

தாங்கள் கேட்டபடி அவரை அனுப்புகிறோம். உளி அவர் மடியில் பத்திரமாக இருக்கிறது. திசை கேட்டறிந்த பின்னரே கல் நடுக என்பது அவருக்கு எம் அரசர் ஆணை. அவர் சபதம் செய்ய வாயெடுத்தால் உடனே வெற்றிலை கொடுத்து அடைக்க என்பது தங்களுக்கு எம் வேண்டுகோள்.

இங்ஙனம் சங்கு முத்திரை இடப்பெற்றது. சிரிப்பில் கை அசைந்து அது சற்றே சாய்ந்துவிட்டது, பெயர்த்து இடவில்லை.