தங்கத்தைப் பற்றிய அணு

மார்ச் 6, வெள்ளி

எழுந்ததும் பல்கூடத் தேய்க்காமல் போனை எடுத்து, ஆய்வகத்தில் கால்சியம் கற்றை ஓடுகிறதா என்று பார்த்தேன். ஓடுகிறது. பிறகுதான் முகம் கழுவினேன்.

இத்தனை வாரத்தில் என்ன கிடைத்தது என்று மகள் கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன். "மீன் பிடிக்கறவங்களே தேவலைம்மா." சரியாகத்தான் சொல்கிறாள். புளூட்டோனியத்தின் மேல் கோடானுகோடி கால்சியம் அணுக்களை மோதவிடுகிறோம். எப்போதாவது ஒன்று போய்ச் சேர்ந்து ஃப்ளெரோவியம் ஆகிறது. இயற்கையில் நமக்குக் கிடைக்காத நூற்றுப் பதினான்காம் தனிமம். இரண்டு விநாடி உயிரோடு இருந்தால் பெரிய விஷயம். அதற்குள் அதன் குணத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

மார்ச் 8

கிடைத்த பிறகு நானே மாற்றிப் பேசக்கூடாது. அதனால் இப்போதே எழுதி வைக்கிறேன். பிறந்த அணுவை வாயு அடித்துக்கொண்டு போய், தங்கம் பூசிய குறுகிய தடத்தில் விடும். தடத்தின் முதல் முனை வெதுவெதுப்பு, கடைசி முனை கடுங்குளிர். அணு எங்கே நின்றது என்று காட்ட வழிநெடுக டிடெக்டர்கள். அட்டவணையில் ஈயத்துக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறதே, உலோகம்தான், முதல் முனையிலேயே தங்கத்தைப் பற்றிக்கொள்ளும் என்பது என் தோழி ஒருத்தியின் கட்சி. இல்லை, மந்த வாயுபோல எதையும் தொடாமல் குளிர்முனைவரை போகும் என்பது என் கட்சி. பதினைந்து ஆண்டாக இதைச் சொல்லித்தான் எனக்குப் பெயர்.

அவள் என் கல்லூரித் தோழி. இப்போது வேறு ஊரில், வேறு ஆய்வகத்தில். எங்கள் அறையில் அவளுக்கு மறுப்பு மகாராணி என்று பெயர். வைத்தது நான்தான்.

மார்ச் 11

இன்றும் இல்லை.

மார்ச் 13

வந்துவிட்டது!

அணு சிதைவதைச் சொல்லும் ஓர் ஆல்ஃபா துகள். கொஞ்ச நேரத்தில் அதே இடத்தில் இன்னொன்று. அப்புறம் அணு இரண்டாகப் பிளந்ததைக் காட்டும் உயரமான கோடு. நாங்கள் எதிர்பார்த்த அதே வரிசை. முடுக்கியை ஓட்டும் அண்ணன், இன்றைக்குக் காபி என் செலவு என்று அறிவித்துவிட்டார்.

காபி குடித்த பிறகுதான் எந்த இடம் என்று பார்த்தேன். முதல் முனை.

ஒரே ஓர் அணு. தற்செயலாக இருக்கலாம். இருக்கலாம்தானே?

மார்ச் 19

இரண்டாவதும் வந்தது. போன தடவைக்குப் பக்கத்து டிடெக்டர்.

சோதனைக்கு அனுப்பினால், மந்த வாயுவான ராடான் குளிர்முனைக்கும் உலோகமான பாதரசம் முதல் முனைக்கும் ஒழுங்காகத்தான் போகின்றன. தடத்தின் மேல் பழிபோட வழியில்லை. எல்லோரும் துக்கம் விசாரிக்க வந்தவர்கள்போல என்னைச் சுற்றி நிற்கிறார்கள். எனக்கோ சிரிப்பு தாங்கவில்லை. ஆயுளே இரண்டு விநாடி, அதிலும் தங்கத்தைக் கண்டால் விட மனசில்லை!

நீ சொன்னது தப்பாகிவிட்டது, அதற்கா இந்தக் குதி என்று வீட்டில் இவர் கேட்டார். என்ன சொல்ல? இத்தனை காலம் என் கணக்குக்குள் வாயை மூடிக்கொண்டு இருந்தது, இன்றைக்கு என்னையே எதிர்த்துப் பேசுதே — அதுக்குக் குதிக்காம?

மார்ச் 20

நானே தோழியைப் போனில் கூப்பிட்டேன்.

"ஒட்டிக்கிச்சுடி."

பீற்றிக்கொள்வாள் என்று காதைத் தயாராக வைத்திருந்தேன். அவள் கேட்டது, "எந்த டிடெக்டர்? தங்கம் எப்பப் பூசினது?" அப்புறம் கேள்விமேல் கேள்வி. போனே சுட்டுவிட்டது. வைக்கப்போகும்போதுதான், "அழுதியா?"

"இல்லடி."

"நானா இருந்தா அழுதிருப்பேன்."

அடுத்து நூற்றுப் பதின்மூன்றாம் தனிமத்துக்குத் தடம் கட்டுகிறாள். ஆள் போதவில்லை என்று புலம்பினாள். வருகிறாயா என்று என்னைக் கேட்கவில்லை.

மார்ச் 23

இயக்குநர் கூப்பிட்டார். குழுத் தலைமை இன்னும் ஐந்தாண்டு என்னிடமே இருக்கட்டுமாம். கணிப்பு போனால் போகிறது, அளந்தது நீங்கள் என்றார். நல்ல மனிதர். ஆனால் தலைமை என்றால் கூட்டம், கையெழுத்து, மறுபடி கூட்டம். தடத்தின் பக்கம் எட்டிப் பார்க்கக்கூட முடியாது. யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

மார்ச் 24

யோசிக்க ஒன்றுமில்லை. தலைமை வேண்டாம்.

நூற்றுப் பதின்மூன்றைப் பற்றி எனக்கென்று ஒரு கருத்தும் கிடையாது. அது எங்கே போய் நிற்கும் என்று தெரியாமலே தடத்தின் முன்னால் உட்கார வேண்டும். அவள் குழுவில், அவளுக்குக் கீழே, ஓர் இடம் கேட்கப் போகிறேன்.

வாரத்தில் ஐந்து நாள் அந்த ஊரில் இருக்க வேண்டிவரும். இவரிடமும் மகளிடமும் இன்னும் சொல்லவில்லை. அவளிடமும்தான்.