படிவம் இல்லாத சனிக்கிழமை

அடியே, கேட்டியா? நேற்று ஜெயித்துவிட்டோம்! இன்று காலையில் எலுமிச்சை சாதத்துக்குக் கடுகு வெடித்தபோதே உன்னிடம் சொல்லிவிட வேண்டும் என்று மனசு பரபரத்தது. நீ கண்ணை மூடி இரண்டு வருடம் ஆகிறது. யாரிடம் சொல்லி இப்படிக் குதிப்பேன்? அதனால்தான் எழுதுகிறேன்.

அந்த முதல் சனிக்கிழமை எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. இவருக்கு வேலை போய், விசாவுக்கு மிச்சமிருந்த நாட்களை விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தோம். வீட்டுக்கு இரண்டு கார் நிற்கிற நியூ ஜெர்சியில், என் ஃபிரிட்ஜில் குழந்தைக்குப் பால் இல்லை. சர்ச்சின் கீழ்த்தளத்தில் இலவசமாக மளிகை கொடுக்கிற ஃபுட் பேன்ட்ரிக்கு நீதான் என்னை இழுத்துப் போனாய். நான் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்தேன். இல்லாதவள் என்று யாரும் நினைத்துவிடக் கூடாதாம்! வாசலில் ஒரு படிவத்தை நீட்டினார்கள். சம்பளம், விசா எல்லாம் கேட்டிருந்தது. கிரீன் கார்டுக்கே வேட்டு வைத்துவிடும் என்று பயந்து, காருக்கு ஓடி வந்து கதவைப் பூட்டிக்கொண்டேன்.

நீ கண்ணாடியைத் தட்டினாய். "இறங்குடி. நானும் இங்க வாங்கித்தான் என் பிள்ளைங்களுக்குப் பால் குடுக்கறேன்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நவராத்திரிக்கு அபார்ட்மென்ட் முழுவதையும் கூப்பிட்டுச் சுண்டல் கொடுத்தவள் நீ! இறங்கி வந்து படிவத்தை நிரப்பிக் கொடுத்தேன்.

அடுத்த வாரம் நான் அடித்த கூத்து இருக்கிறதே! அவர்கள் மளிகை போட்டுக் கொடுத்த பையை வெறும் பையாகத் திருப்பிக் கொடுக்க மனசு வருமா? ஒரு தூக்கு நிறைய எலுமிச்சை சாதம் வைத்துக் கொண்டுபோனேன். வீட்டில் சமைத்ததை வாங்கக் கூடாது என்று அங்கிருந்த வெள்ளைக்காரப் பெண் சொல்லிவிட்டாள். நான் அழாத குறைதான். நீயோ விழுந்து விழுந்து சிரித்தபடி, பார்க்கிங்கிலேயே தூக்கைத் திறந்து வரிசையில் நின்றவர்களையெல்லாம் கூப்பிட்டாய். கடைசியில் அந்தப் பெண்ணே வந்து இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டாள்!

இவருக்கு மறுபடி வேலை கிடைத்து, நாம் இருவரும் அங்கேயே மூட்டை பிரித்துக்கொடுக்க நின்ற நாட்களில் நீ புலம்பிக்கொண்டே இருப்பாய். "இந்த ஃபார்மைப் பார்த்துட்டு எத்தனை பேர் திரும்பிப் போறாங்க பாரு. இதை ஒழிக்கணும்டி."

நேற்று ஊர் நிர்வாகமான டவுன்ஷிப்பின் கூட்டத்தில் அதற்குத்தான் ஓட்டெடுப்பு. பேச மூன்று நிமிடம் கொடுத்தார்கள். பின்வரிசையில் நம் தமிழ்ச் சங்கத்து ஆட்கள் ஏழெட்டுப் பேர். இத்தனை வருடம் அவர்களிடம் மூடி மறைத்த கதையைப் போட்டு உடைத்துவிட்டேன். நானும் அந்த வரிசையில் நின்றவள்தான் என்றேன். இங்கிலீஷ் தடுமாறியது. ஆனால் படிவம் போயே போச்சு! வெளியிலிருந்து வந்த பணத்துக்காகத்தான் அந்தப் படிவம்; இனி டவுன்ஷிப்பே பேன்ட்ரிக்குப் பணம் ஒதுக்குகிறது. இனி பெயரைக்கூடக் கேட்க மாட்டார்கள்.

இன்று தூக்கோடு போனேன். பார்க்கிங் ஓரத்தில் ஒரு கார், இன்ஜினை அணைக்காமல். உள்ளே பளபளவென்று சல்வாரும் ஜிமிக்கியுமாக ஒருத்தி, சர்ச் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கா புரியாது? கண்ணாடியைத் தட்டினேன்.

"இறங்கும்மா. நானும் இங்க வாங்கித்தான் என் பொண்ணுக்குப் பால் குடுத்தேன்."

இறங்கிவிட்டாள், அடியே!