சுவர் ஈரத்துக்கு யார் மேல் வழக்கு

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சௌக்கியம், என் தையல் அறைச் சுவர் மட்டும் சௌக்கியமில்லை. நீ நேரத்துக்குச் சாப்பிட்டு, நன்றாகப் போர்த்திக்கொண்டு தூங்கி, தெம்பாக இருப்பாய் என்றே நினைத்துக்கொள்கிறேன்.

போன மழையில் ஆரம்பித்த ஈரம் இப்போது ஜன்னல் உயரத்துக்கு ஏறிவிட்டது. பள்ளிச் சீருடைக்காக வெட்டி அடுக்கியிருந்த வெள்ளைத் துணியில் பாதி மஞ்சள் திட்டு. மெஷினை அறை நடுவில் இழுத்துப் போட்டிருக்கிறேன், அப்பா அதில் இரண்டு முறை முழங்காலை இடித்துக்கொண்டு என்னைத்தான் திட்டினார். பள்ளி திறப்பதற்குள் சுவர் காயாவிட்டால் பதினொரு வருஷமாக நான் தைக்கிற சீருடை வேறு கைக்குப் போய்விடும். எனக்கு வந்ததே கோபம்! மேல்வீட்டுக் கண்ணாடிக் கடைக்காரர் குளியலறைதான் ஒழுகுகிறது என்று நானே தீர்ப்பும் எழுதி, அவர் மேல் வழக்குப் போட, பத்திரத்தையும் கறைத் துணியையும் பையில் திணித்துக்கொண்டு வக்கீலம்மாவிடம் போனேன். உன்னைவிடச் சின்னப் பெண். பத்திரத்தைப் புரட்டிவிட்டு, வீடு உங்க பொண்ணு பேர்ல இருக்கேம்மா, சுவருக்காக வழக்குப் போடணும்னா அவங்கதான் போடணும் என்றாள். தினமும் கூட்டிப் பெருக்குறது நான், உரிமை அவளுக்கா என்று கேட்டேன். சிரிக்கிறாள். குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் உனக்குப் பதிலாக நான் உட்கார நீ எழுதிக் கொடுத்தாயே ஒரு கடிதம், அதைக் காட்டினேன். இதை வெச்சு கை தூக்கலாம், கோர்ட் படி ஏற முடியாது என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

சரி, உன் பேரிலேயே போடுவோம் என்று வீடு வந்தால், அப்பா கூப்பிட்டிருந்த பிளம்பர் சுவரில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, அக்கா, மேல்வீட்டுக்காரர் பாவம், இது மொட்டைமாடித் தண்ணி இறங்குற குழாய், எல்லாருக்கும் பொது என்கிறார். கண்ணாடிக் கடைக்காரரிடம் போய் மன்னிப்புக் கேட்டேன், பரவாயில்லைங்க, நீங்க திட்டினது பாதி எனக்குக் கேக்கவே இல்லை என்றார் நல்ல மனிதர். வக்கீலம்மாவுக்குப் போன் செய்தேன். அப்ப சங்கத்து மேலதான் போடணும், நோட்டீஸ் தலைவர் பேருக்குப் போகணும், யாரு தலைவர் என்று கேட்டாள். நான்தாம்மா என்றேன். ஆமாம், போன வருஷம் நீ கூட வாழ்த்துச் சொன்னாயே, அந்தத் தலைவிதான்.

தலைவியே ஆள் வைத்து இடித்தால் என்ன என்று கேட்பாய். சுவருக்குள் ஓடும் குழாய் சங்கத்தின் பொறுப்பு, ஆனால் வீட்டு ஓனர் கையெழுத்தோடு நோட்டீஸ் வராமல் சுவரில் கைவைக்கக் கூடாது என்று மேஜையைத் தட்டித் தட்டி விதி எழுத வைத்ததே நான். கீழ்வீட்டு பஸ் டிரைவர் சந்தேகம் வந்தால் உடனே சுத்தியலைத் தூக்குவார், அவரை அடக்கத்தான் அந்த விதி. இப்போது அவர், ரூல் போட்டதே நீங்கதானே தலைவி, ரூல்னா ரூல்தான் என்று படிக்கட்டில் நின்று கும்பிடு போடுகிறார், முகத்தில் அப்படி ஒரு ஆனந்தம்.

ஆகவே, என் கண்ணே, நீ வாதி, நான் பிரதிவாதி. அப்பா இரண்டு பேருக்கும் சாட்சி சொல்வாராம், யார் காபி போட்டுக் கொடுக்கிறோமோ அவர் பக்கம் கொஞ்சம் சாய்வாராம். நோட்டீஸை இத்துடன் வைத்திருக்கிறேன், கையெழுத்துப் போட்டு உடனே அனுப்பு. உன் வீட்டில் குடியிருந்துகொண்டு இத்தனை நாள் என் வீடு என்று சொல்லித் திரிந்திருக்கிறேன், அதுவும் ஒரு சந்தோஷமாகத்தான் இருக்கிறது.

தலைக்கு எண்ணெய் வை, கண்ட நேரத்தில் கம்ப்யூட்டரைப் பார்க்காதே. எல்லா நலமும் பெற்று நீ சிரித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒன்று மட்டும் மறக்காதே. நோட்டீஸில் பதினைந்து நாள் கெடு இருக்கிறது. அதற்குள் சங்கம் அசையாவிட்டால் வாதி நேரில் வந்துதான் வழக்குப் போட வேண்டும் என்றாள் வக்கீலம்மா. நீ வந்து இரண்டு வருஷம் ஆகிறது. வருகிறேன் என்று ஒரு வரி எழுது, சீருடை போனால் போகிறது, பதினாறாம் நாள் வரை அந்தச் சுவரை ஒருத்தரையும் தொட விட மாட்டேன்.

இப்படிக்கு,
உன் அம்மா,
தலைவி, குடியிருப்போர் சங்கம்